முப்பத்தேழு கோப்புகள்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்தது. இத்தனை நாள் இழுப்பறையில் கிடந்தது. இன்று முதல் இதில் வேலைக் குறிப்பு எழுதலாம் என்றிருக்கிறேன்.

காலையில் கண்காணிப்பாளர் டாக்டர் நாச்சியப்பன் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் புதிதாக ஒரு வேலை வருகிறது என்று பதினாறு வருஷத்தில் கற்றிருக்கிறேன். பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்த ஒரு குழுமம் இருக்கிறதாம். கட்டணம் கிடையாது, யாரும் சேரலாம். சேருகிற ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிப் பதிவுகளை ஒரே வடிவத்துக்கு, ஒரே குறியீடுகளுக்கு மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒரே கேள்வியை எல்லா இடத்திலும் கேட்கலாம். பதிவுகள் எங்கேயும் போகாது. கேள்வி நம்மிடம் வரும், எண்ணிக்கை மட்டும் வெளியே போகும்.

வத்தலக்குண்டில் நூற்றிருபது படுக்கை அறக்கட்டளை மருத்துவமனையின் பதிவறையில் இருப்பது நானும் ஒரு உதவியாளரும். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் முதல் கேள்வி என்ன என்று கேட்டுவிட்டேன். காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு ஈரல் கெடுகிறது, எத்தனையாவது வாரத்தில் என்றார்.

சரி டாக்டர், செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூன் 7, வெள்ளி

குழுமத்தின் முதல் கூட்டம், கம்ப்யூட்டர் வழியாக, காலை ஏழரைக்கு. ஒன்பது மருத்துவமனைகள். எல்லோரும் இங்கிலீஷில் வேகமாகப் பேசினார்கள். நான் கேமராவை அணைத்து வைத்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்ததும் கோசலை என்றொரு டாக்டர் தனியாக அழைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இந்த ஆய்வை ஒருங்கிணைப்பவர் அவர்தான். புரிந்ததா என்று தமிழில் கேட்டதும் பாதிதான் புரிந்தது என்று உண்மையைச் சொன்னேன். தனக்கும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருந்ததாம். தினமும் என்ன செய்தேன், எதை எதுவாக மாற்றினேன் என்று குறித்து வைக்கச் சொன்னார். பின்னால் யார் கேட்டாலும் காட்ட முடிய வேண்டுமாம்.

ஜூன் 15, சனி

சர்க்கரை நோய்க்கு எங்கள் டாக்டர்கள் பத்தொன்பது வருஷத்தில் பதினான்கு விதமாக எழுதியிருக்கிறார்கள். சுகர், சர்க்கரை, நீரிழிவு, டி.எம்., எழுத்துப்பிழையோடு மூன்று. அத்தனையும் இனி ஒரே எண். கம்ப்யூட்டர் பிரிவு ஷேக் தாவூத் அண்ணன் பட்டியலை எடுத்துக் கொடுத்தார். அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறவர். "ஓய்வு பெறப்போற நேரத்துல என்னைய உலகம் சுத்த விடுறீங்களே பிலோமினா" என்றார். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போகவில்லை.

ஜூன் 19, புதன்

நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 28, வெள்ளி

இன்று முடித்தவை: ஆஸ்துமா, ரத்தக்கொதிப்பு, பாம்புக்கடி, காமாலை. காமாலையில் முந்நூற்றுப் பதினாறு வரிகள். எல்லாவற்றுக்கும் வைரஸ் காமாலை என்று முன்பே குறியீடு இருந்ததால் திறந்து பார்க்க வேண்டிய தேவை வரவில்லை. அப்படியே மாற்றினேன். ஐந்து நிமிட வேலை.

பாம்புக்கடிக்கு மூன்று மணி நேரம் ஆனது.

ஜூலை 13, சனி

ஜெனிட்டா பக்கத்தில் உட்கார்ந்து கூட்டத்தைக் கேட்டாள். என் தங்கை மகள். எட்டு வயதிலிருந்து என்னிடம் வளர்கிறாள், இப்போது பிளஸ் டூ. கொரியாக்காரர் பேசுவது எனக்குப் பிடிபடாதபோது காதில் சொன்னாள். இவ்வளவு பேர் சம்பளம் இல்லாமலா இதைச் செய்கிறார்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எந்த நோயைப் பற்றி என்று கேட்டாள். காசநோய் என்றேன்.

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மதியம் மீன் வாங்கினோம்.

ஜூலை 22, திங்கள்

கேள்வி வந்தது. தாவூத் அண்ணன் இயக்கினார், நாற்பது நிமிடத்தில் விடை வந்துவிட்டது. காசநோய் மாத்திரை சாப்பிட்டவர்கள் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் மாத்திரையால் ஈரல் கெட்டவர்கள் பூச்சியம்.

டாக்டர் நாச்சியப்பனுக்கு ரொம்ப சந்தோஷம். ஆண்டறிக்கையில் போடலாம் என்றார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

ஜூலை 25, வியாழன்

கோசலை அழைத்தார். மற்ற எட்டு இடங்களிலும் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்று வந்திருக்கிறதாம். எங்களுக்கு மட்டும் பூச்சியம். எங்கள் டாக்டர்கள் கவனமானவர்கள் என்றேன். அவர் அதை மறுக்கவில்லை.

"பூச்சியம் எண்டா ரெண்டு கருத்து இருக்கு அக்கா. ஒண்டும் நடக்கேல்லை எண்டு ஒரு கருத்து. நடந்ததை ஒருத்தரும் எழுதேல்லை எண்டு மற்றக் கருத்து. உங்கட இடத்தில எது எண்டு நீங்கள்தான் பாத்துச் சொல்லோணும்."

பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்துகொண்டு என் பதிவறையில் தப்பு இருக்கிறது என்று சொல்ல இவர்கள் யார். பதினாறு வருஷம். ஒரு கோப்பு தொலைந்ததில்லை.

இந்தக் குழுமத்திலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் சொல்லப் போனேன். அவர் அறுவைச் சிகிச்சையில் இருந்தார். திரும்பி வந்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

தாவூத் அண்ணன் ஒரு பட்டியல் எடுத்துக் கொடுத்தார். காமாலை என்று பதிவான முந்நூற்றுப் பதினாறு பேரில், அதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் காசநோய் மாத்திரை தொடங்கியிருந்தவர்கள் யார் யார் என்று. முப்பத்தேழு பேர்.

முப்பத்தேழு கோப்பையும் எடுத்துப் படிப்பது என்று முடிவு செய்தேன். இன்று நான்கு. மூன்றில் ஒரே கதை. மாத்திரை தொடங்கி இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் பசியில்லை, வாந்தி, பிறகு கண் மஞ்சள். வைரஸ் இருக்கிறதா என்று ரத்தம் பார்த்து, இல்லை என்று முடிவு வந்திருக்கிறது. டாக்டர் கடைசிப் பக்கத்தில் காமாலை என்று மட்டும் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு ஒருவர் வைரஸ் காமாலைக்கான குறியீட்டைப் போட்டிருக்கிறார். ஓரத்தில் சின்னதாக "பி" என்று கையெழுத்து.

காமாலை என்றால் அந்தக் குறியீடு என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் கேள்வி கேட்கவில்லை. அதற்கப்புறமும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

முப்பத்தொன்று முடிந்தது. மிச்சம் ஆறும் ஒரே அலமாரியில், 2015 வரிசையில். நாளை தான் எடுத்துத் தருவதாகத் தாவூத் அண்ணன் சொன்னார். அவராகவேதான் சொன்னார், நான் கேட்கவில்லை. ஒன்பது வருஷமாக அந்த அலமாரிக்கு உதவியாளரைத்தான் அனுப்புகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்போல.

வேண்டாம் அண்ணே, நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா விண்ணேற்பு. காலைப் பூசைக்குப் போனோம். பாயசம் வைத்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஐந்தைப் படித்துவிட்டு ஆறாவதை எடுத்தேன்.

ரெஜினா, பெண், வயது 31, நிலக்கோட்டை. என் தங்கை. இதைக் குறிப்பில் எழுதலாமா என்று தெரியவில்லை. எதை எதுவாக மாற்றினேன் என்று எழுதத்தானே சொன்னார்கள். எழுதுகிறேன்.

2015 ஜூலை 9, மாத்திரை தொடக்கம். ஜூலை 28, குமட்டல் என்று புறநோயாளிப் பிரிவுக்கு வந்திருக்கிறாள், வயிற்றுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 6, மஞ்சள் ஏறிய பிறகு சேர்த்தோம். வைரஸ் இல்லை என்று ரத்த முடிவு ஒன்பதாம் தேதி வந்திருக்கிறது. பதினொன்றாம் தேதி இறந்துபோனாள்.

கோப்பில் இல்லாத ஒன்று இருக்கிறது. ஆகஸ்ட் 1 சனிக்கிழமை எனக்கு ஃபோன் செய்தாள். மாத்திரை போட்டாலே வாந்தி வருகிறது, சோறு பார்த்தாலே பிடிக்கவில்லை, நிறுத்தட்டுமா என்று கேட்டாள். நிறுத்தவே கூடாது, பாதியில் விட்டால் நோய் முற்றிவிடும், எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் இருக்கும் என்றேன். பதிவறையில் இருப்பவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். ஐந்து நாள் மேற்கொண்டு சாப்பிட்டாள்.

அடக்கம் முடிந்து நான்காம் நாள் வேலைக்கு வந்தேன். மேசையில் இருந்த கோப்புக் கட்டுக்குள் அவளுடையதும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் காமாலை என்று இருந்தது. ரத்த முடிவுத் தாள் அதற்கு இரண்டு தாள் முன்னால். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வைரஸ் என்று குறியீடு போட்டேன். மற்றதெல்லாம் பழக்கத்தில் போட்டது. இது அப்படி இல்லை.

வைரஸ் என்றால் யார் மேலும் தப்பில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

விடுப்பு.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

டாக்டர் நாச்சியப்பனிடம் கணக்கைக் கொடுத்தேன். முப்பத்தேழில் எட்டுப் பேருக்கு உண்மையிலேயே வைரஸ். மீதி இருபத்தொன்பது மாத்திரையால். அதில் ஆறு பேர் இறந்திருக்கிறார்கள். நாங்கள் அனுப்பிய பூச்சியம் தப்பு, திருத்தி அனுப்ப வேண்டும் என்றேன்.

தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். வெளியே தெரிந்தால் மருத்துவமனையின் பெயர் என்ன ஆகும், பேசாமல் இந்த ஆய்விலிருந்து விலகிக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். போன மாதம் நானே அதைச் சொல்ல வந்தேன் டாக்டர் என்றேன்.

பிறகு அவர் குரல் இறங்கியது.

"உன் தங்கச்சியோட அந்த 2015 ஃபைல்ல இருக்குற கையெழுத்து என்னோடது. தெரியும்ல?"

"தெரியும் டாக்டர்."

"ஜூலை இருபத்தெட்டாம் தேதியே நான் ரத்தம் பாத்திருக்கணும் பிலோமினா."

என் பங்கைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம் கொடு என்றார்.

செப்டம்பர் 4, புதன்

டாக்டர் பதிவறைக்கே இறங்கி வந்தார். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. உதவியாளரின் ஸ்டூலில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் முப்பத்தேழையும் ஒவ்வொன்றாகப் படித்தார். இருபத்தொன்பதில் இரண்டு கோப்பில் எனக்குத் தெரியாத வேறு காரணம் கண்டுபிடித்து அவற்றைக் கழித்தார். வேறு இரண்டு, நான் வைரஸ் பக்கம் தள்ளியிருந்தவை, இந்தப் பக்கம் வந்தன. கடைசியில் அதே இருபத்தொன்பது.

போகும்போது, திருத்தி அனுப்பு, ஏன் திருத்தினோம் என்பதையும் சேர்த்து எழுது என்றார்.

நான் ரெஜினாவின் ஃபோன் அழைப்பை அவரிடம் சொன்னேன். நின்றபடியே கேட்டார். "நீ டாக்டர் இல்ல. நான் டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினார்.

செப்டம்பர் 12, வியாழன்

முதல் முறையாகக் கேமராவைப் போட்டேன்.

எழுதி வைத்திருந்த இங்கிலீஷ் நான்கு வரியில் தீர்ந்துவிட்டது. கோசலை, தமிழில் சொல்லுங்கோ அக்கா, நான் மாத்திச் சொல்லுறன் என்றார். சொன்னேன். எங்கள் மருத்துவமனையில் காமாலை என்றால் ஒரே குறியீடு போடும் வழக்கம் இருந்தது, அதைப் போட்டவள் நான், இருபத்தொன்பது பேர் அதற்குள் மறைந்துபோனார்கள் என்று. ஒருத்தி என் தங்கை என்பதைச் சொல்லவில்லை. பெயர் வெளியே போகக் கூடாது என்பதுதானே விதி.

இணைப்பு போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் கொரியாக்காரர் பேசினார். தங்கள் பழைய பதிவுகளிலும் அதே வழக்கம் இருந்திருக்கலாம், நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அந்த முறையை எழுதித் தர முடியுமா என்று கேட்டார். பிரேசில்காரர் தனக்கும் வேண்டும் என்றார். தாவூத் அண்ணன் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு சட்டைப் பொத்தானைப் போட்டார், ஏதோ தன்னையும் கேமராவில் கூப்பிடப்போகிறார்கள் என்பதுபோல.

திட்டுவார்கள் என்று நினைத்துப் போனேன். வேலை கொடுத்து அனுப்பினார்கள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

பூசை முடிந்து வந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம், நானும் ஜெனிட்டாவும். வேறு எப்போது சொல்வது என்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன்.

"ஜெனி, உங்கம்மாவுக்கு வந்தது வைரஸ் இல்ல. மாத்திரை ஒத்துக்கல. வாந்தி வருது, நிறுத்தட்டுமான்னு எனக்கு ஃபோன் பண்ணா. நிறுத்தாதன்னு நான்தான் சொன்னேன்."

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் பெரியம்மா. அம்மா ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

இத்தனை வருஷம் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"மொதல்ல, கேட்டா நீங்களும் விட்டுட்டுப் போயிருவீங்களோன்னு பயம். அப்பாவும் திருப்பூர் போயிருச்சுல்ல. அப்புறம், நீங்களே ஒருநாள் சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன்."

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். சாம்பார் நான் மட்டும் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 25, புதன்

மூன்று நாளாக ஆமாம், இல்லை மட்டும்தான். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போகிறாள், காலியாகக் கொண்டு வருகிறாள். அதுவரைக்கும் சரி.

செப்டம்பர் 27, வெள்ளி

சாயங்காலம் பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் வந்து எதிரில் நின்றாள்.

"அன்னிக்கு நீங்க என்ன சொல்லியிருக்கணும்?"

கோபமாகக் கேட்டாளா என்று பார்த்தேன். இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதை டாக்டரிடம் நான் ஏற்கனவே கேட்டு வைத்திருந்தேன். அடுத்த வேளை மாத்திரையைப் போடாதே, இன்றைக்கே கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வா, ரத்தம் பார்க்கட்டும், டாக்டர் சொன்ன பிறகு மறுபடி போடலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மாத்திரை நல்ல மாத்திரைதான், நிறையப் பேரைக் காப்பாற்றுகிற மாத்திரை. நடுவில் ஒரு தடவை பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ரஃப் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். இதை மாத்திரை கொடுக்கும்போதே எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தால் என்ன என்று கேட்டாள். பிறகு பசிக்கிறது என்றாள். தோசை ஊற்றினேன். ஆறு சாப்பிட்டாள்.

அக்டோபர் 17, வியாழன்

எங்கள் முறையைப் பயன்படுத்தி மூன்று மருத்துவமனைகள் தங்கள் பதிவுகளைத் திரும்பப் பார்த்திருக்கின்றன. மூன்றிலும் மறைந்திருந்தவர்கள் கிடைத்திருக்கிறார்கள். ஒன்பது இடத்தையும் சேர்த்த கணக்கு இன்று வந்தது. ஈரல் கெட்டவர்களில் பாதிக்கு மேல் இரண்டாம் வாரத்துக்கும் ஐந்தாம் வாரத்துக்கும் நடுவில். எங்கள் இருபத்தொன்பதும் அந்தக் கோட்டில் சரியாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. கட்டுரையில் என் பெயரும் தாவூத் அண்ணன் பெயரும் வருமாம். அவர் தன் பெயரின் எழுத்துகளை நான்கு முறை சரிபார்த்தார்.

டாக்டர் நாச்சியப்பன் உத்தரவு போட்டுவிட்டார். மாத்திரை தொடங்கிய பதினான்காம் நாள் எல்லோருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். கையில் ஒரு துண்டுச் சீட்டும் கொடுக்க வேண்டும். மருந்தாளுநர் எழுதிய வாசகம் யாருக்கும் புரியாததால், ஜெனிட்டா எழுதியதைக் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டர் ஒரு வார்த்தை மட்டும் மாற்றிவிட்டு அச்சுக்கு அனுப்பினார்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். நிலக்கோட்டைக்குப் போனோம். கூட்டம். மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை. ஜெனிட்டா கையை வைத்து மறைத்துக்கொண்டு அம்மாவிடம் என்னவோ ரொம்ப நேரம் சொன்னாள். நான் தள்ளி நின்றேன். முடித்துவிட்டு, இப்ப நீங்க பேசுங்க பெரியம்மா என்று நகர்ந்துகொண்டாள்.

பேசினேன்.

நவம்பர் 8, வெள்ளி

பாண்டியம்மாள், 38, பூ பறிக்கும் வேலை. மாத்திரை தொடங்கிப் பதினேழாம் நாள் வாந்தியோடு வந்திருக்கிறார். பதினான்காம் நாள் ரத்தம் கொடுக்க வரவில்லை, பறிப்பு அதிகமாக இருந்த வாரமாம். ஈரல் கணக்கு ஏறியிருக்கிறது, கண் இன்னும் மஞ்சளாகவில்லை. மாத்திரையை நிறுத்திச் சேர்த்திருக்கிறார்கள்.

பதிவறைக்கு இவ்வளவு விவரம் தேவையில்லை. நானாகத்தான் வார்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

பாண்டியம்மாளுக்கு ஈரல் கணக்கு இறங்குகிறது.

நவம்பர் 23, சனி

பாண்டியம்மாளை இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கிவிட்டார்கள், ஒத்துக்கொள்கிறது. காப்பீட்டுத் தாளில் முத்திரை வாங்கப் பதிவறைக்கு வந்தார். அரை நாள் பள்ளி முடிந்து ஜெனிட்டாவும் அங்கேதான் இருந்தாள். நர்சிங் படிப்பு விவரங்களைத் தாவூத் அண்ணனின் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தாள்.

முத்திரை குத்தும்வரை பாண்டியம்மாள் பேசிக்கொண்டே இருந்தார். எல்லாருக்கும் வாந்தி வரத்தான் செய்யும், கோர்ஸை முடி என்று அவர் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அந்தச் சீட்டை எடுத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாராம். அவர் வாசித்துவிட்டு அன்றைக்கே டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"டாக்டருங்க எழுதுற மாதிரி இல்லம்மா. வீட்டு ஆளு பக்கத்துல நின்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. யாரு எழுதுனது?"

நான் ஜெனிட்டாவைக் கை காட்டினேன். பாண்டியம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தார், பள்ளிச் சீருடையை, இரட்டைப் பின்னலை. நீயா எழுதுனே என்று கேட்டார்.

ஜெனிட்டா எழுந்து நின்றாள்.

"நானும் எங்க பெரியம்மாவும் சேந்து எழுதுனோம்."

முத்திரையைக் கொஞ்சம் கோணலாகக் குத்திவிட்டேன். பாண்டியம்மாள் பரவாயில்லை என்று தாளை வாங்கிக்கொண்டு, ஜெனிட்டாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, ஒன்றேகால் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.